தாழ் அதிர்வெண் ஹாம் பட்டைகள்: எந்தப் பட்டை, எந்த ஆன்டெனா, எந்த ரிசீவர்?

சிற்றலையில் கேட்டுப் பழகிய ஒருவர் 500 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஹாம் (பொழுதுபோக்கு வானொலியாளர்) பட்டைகளுக்கு இறங்கலாம் என்று நினைத்ததும் முதலில் கேட்பது, "எந்த ரிசீவர் வாங்கலாம்?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள் என்பேன். இங்கே காசைவிட இடம் பெரிது. வீட்டு மின்கம்பிகளிலிருந்து ஆன்டெனாவை எவ்வளவு தள்ளி வைக்க முடியும் என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாத் தேர்வுகளும் அமையும்.

காரணம் எளிது. 136 கிலோஹெர்ட்ஸில் இடிமின்னல் கிளப்பும் வளிமண்டல இரைச்சலும் மனிதன் உண்டாக்கும் மின் இரைச்சலும் சுமாரான ஒரு ரிசீவரின் உள் இரைச்சலைவிடப் பல மடங்கு அதிகம். சார்ஜர், எல்.இ.டி. விளக்கின் டிரைவர், சோலார் இன்வெர்ட்டர் போன்றவை உள்ளே சுவிட்ச் ஆகும் வேகம் பெரும்பாலும் சில பத்து கிலோஹெர்ட்ஸிலிருந்து சில நூறு கிலோஹெர்ட்ஸ் வரை. சிற்றலையில் இவற்றின் உயர் மடங்குகள்தான் தொல்லை. இங்கேயோ மூல அதிர்வெண்ணே நம் பட்டைக்குள் வந்து உட்காருகிறது. மிக்ஸி ஓடும் அறையில் ஒருவர் கிசுகிசுப்பது கேட்கவில்லை என்றால், காதுக்குக் கருவி மாட்டிப் பயனில்லை. அறையை மாற்ற வேண்டும். அதிக உணர்திறன் உள்ள ரிசீவரோ, பெரிய ஆன்டெனாவோ சிக்னலோடு சேர்த்து இரைச்சலையும் அதே அளவில் தூக்கிக் கொடுக்கும். நமக்கு வேண்டியது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் உயர்வது.

ஆகவே எதையும் வாங்கும் முன் ஒரு சோதனை. பேட்டரியில் ஓடும் சிறிய மத்திய அலை ரேடியோவை டயலின் அடிமுனைக்கு, 530 கிலோஹெர்ட்ஸ் அருகே நிலையம் எதுவும் இல்லாத இடத்துக்குத் திருப்பி, கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடங்கள். எங்கே 'கொர்' என்று இரைகிறது, எங்கே அடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இன்னொரு முறை நடங்கள். அணைத்ததும் இரைச்சல் குறைந்தால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள், வேட்டையாடிப் பிடித்துவிடலாம். குறையவில்லை என்றால் அது வெளியிலிருந்து கம்பி வழி வருகிறது. அப்போது ஆன்டெனாவின் தேர்விலும் அதை வைக்கும் இடத்திலும்தான் அதைச் சமாளிக்க வேண்டும்.

முதலில் எந்தப் பட்டை?

ஹாம்களுக்கு இந்தப் பகுதியில் இரண்டு பட்டைகள். 2007 உலக வானொலித் தொடர்பு மாநாட்டில் 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரை ஒதுக்கினார்கள். 2200 மீட்டர் பட்டை என்பது இதுதான். 2012 மாநாட்டில் 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரை, அதாவது 630 மீட்டர் பட்டை வந்தது. பிரிவுக் கணக்குப்படி இரண்டாவது மத்திய அலையில் சேரும். ஆனாலும் கேட்கும் முறை, தொல்லைகள், ஆட்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் இரண்டையும் சேர்த்தே பேசுவது வழக்கம். எந்தெந்த நாடு இவற்றை ஹாம்களுக்குத் திறந்துவிட்டது, கேட்பதற்கு என்ன விதி என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டு விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தொடங்குகிறவருக்கு 630 மீட்டர்தான் என் தேர்வு. அனுப்புபவரின் பக்கம் நின்று பார்த்தால் ஏன் என்று புரியும். 136 கிலோஹெர்ட்ஸில் கால் அலைநீளக் கம்பமே ஏறக்குறைய 550 மீட்டர் உயரம். எந்த ஹாமும் அதை நிறுத்த முடியாது. 15, 20 மீட்டர் உயரத்தில் ஒரு கம்பியைக் கட்டி, பெரிய சுருளால் ஒத்திசைத்து, சில நூறு வாட்டை உள்ளே கொடுத்தால் அதில் ஒரு வாட் வெளியேறுவதே பெரிய விஷயம். அனுமதிக்கப்பட்ட கதிர்வீச்சுத் திறனும் அங்கே 1 வாட்தான். 475 கிலோஹெர்ட்ஸில் அதே கம்பி அலைநீளத்தோடு ஒப்பிட மூன்றரை மடங்கு நீளம், கொடுத்ததில் வெளியேறும் பங்கும் அதற்கேற்பக் கூடுதல். பல நாடுகளில் 5 வாட் வரை அனுமதியும் உண்டு. அதனால் ஒலிபரப்பும் நிலையங்கள் அதிகம். இரவானால் தூர நிலையங்கள் வானலை வழியே, அதாவது மேல் வளிமண்டலத்தில் பட்டுத் திரும்பி, வந்து சேரும். முதல் வாரத்திலேயே ஏதாவது கேட்டுவிட்டால்தான் ஆர்வம் தங்கும். அதற்கு ஏற்ற இடம் இது.

2200 மீட்டரின் அருமை வேறு மாதிரி. பகலில் நிலத்தை ஒட்டிச் செல்லும் தரையலை பல நூறு கிலோமீட்டர் வரை அலுங்காமல் நிற்கும். மணிக்கணக்கில் மெல்லச் சேகரித்து ஒரே ஓர் அழைப்புக் குறியை (ஒரு நிலையத்தின் அடையாளப் பெயரை) பிடிக்கும் பொறுமைக்காரர்களின் பட்டை அது. 2.1 கிலோஹெர்ட்ஸ் அகலம்தான். ஒரு குரல் ஒலிபரப்புகூட அதில் நிம்மதியாக அடங்காது. ஐரோப்பாவில் கேட்பவர்களுக்கு இன்னொரு சங்கடம்: ஹங்கேரியின் 135.6 கிலோஹெர்ட்ஸ் நிலையமும், ஜெர்மனியின் 138.83 கிலோஹெர்ட்ஸ் நிலையமும் பட்டையின் இரு கரையிலும் பலமாக நிற்கின்றன. மின்விநியோகக் கட்டுப்பாட்டுச் செய்திகளை அனுப்புபவை அவை. சங்கடம் என்றேன், ஆனால் உங்கள் கருவி 136-ஐக் கேட்கிறதா என்று சோதிக்க இவற்றைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

பட்டை எதுவானாலும், ஹாம் சிக்னலைத் தேடும் முன் பலமான நிலையங்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். நேரக்குறி நிலையங்கள் உலகின் பல மூலைகளில் உள்ளன: ஜெர்மனியின் மைன்ஃபிளிங்கனிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸ், பிரிட்டனின் ஆன்தார்னிலிருந்து 60, அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸிலிருந்து 60, ஜப்பானிலிருந்து 40-ம் 60-ம், சீனாவிலிருந்து 68.5. கடல் எச்சரிக்கைகளை எழுத்தாக அனுப்பும் நாவ்டெக்ஸ் 518-லும் 490-லும் வரும். 190-க்கும் 535-க்கும் இடையே விமானங்களுக்கான திசைகாட்டி நிலையங்கள் இரண்டு மூன்று எழுத்து மோர்ஸ் அடையாளத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்கும். இந்தத் திசைகாட்டிகள்தான் உண்மையான பள்ளிக்கூடம். பல திறன் அளவுகளில், பல தூரங்களில் இருப்பதால், ஆன்டெனாவில் ஒரு மாற்றம் செய்ததும் முன்பு கேட்காத ஒன்று கேட்கிறதா என்று அன்று இரவே தெரிந்துவிடும். ஒவ்வொரு நாடாக இவற்றை மூடி வருகிறார்கள். இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

ஆன்டெனா: மூன்று வழிகள்

நீளக் கம்பி, மினி-விப் (சின்னத் தகட்டு ஆன்டெனா), லூப் (கம்பி வளையம்). பலரும் மூன்றில் ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

நீளக் கம்பிதான் மலிவு. ஏற்கெனவே சிற்றலைக்குக் கட்டியது இருக்கலாம். ஆனால் 20 மீட்டர் கம்பி 136 கிலோஹெர்ட்ஸில் ஆன்டெனாபோல நடந்துகொள்வதில்லை; 120 பிகோஃபாரட் அளவுள்ள ஒரு சின்னக் கெபாசிட்டராகத்தான் தெரியும். அதன் எதிர்வினைத் தடை 10 கிலோஓம் அருகே. அதை நேராக 50 ஓம் ரிசீவரில் செருகினால் உள்ளே போவது மிகச் சொற்பம். தொடராக ஒரு சுருள் போட்டு ஒத்திசைக்கலாம்: 136-க்கு 11 மில்லிஹென்றி, 475-க்கு 1 மில்லிஹென்றிக்குச் சற்றுக் கீழே. இந்தச் சுருள் மத்திய அலை நிலையங்களையும் தள்ளி நிறுத்தும் என்பது கூடுதல் லாபம். குறை என்னவென்றால், கம்பியின் ஒரு முனை வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும். வீட்டு மின்கம்பிகளின் மின்புலத்தை அது அள்ளிக்கொள்ளும். வீட்டு மின்சார எர்த்தோடு இணைத்தால் இரைச்சலுக்கு நாமே கதவு திறந்துவிட்டதாகும். திறந்த நிலம், தனி எர்த் கம்பி, வீட்டிலிருந்து தூரம் மூன்றும் இருந்தால் நீளக் கம்பி நன்றாகவே உழைக்கும். இல்லையென்றால் வேண்டாம்.

மினி-விப் நெதர்லாந்து ஹாம் ஒருவரின் வடிவமைப்பால் பரவியது. தீப்பெட்டி அளவுள்ள ஒரு செப்புத் தகடு, அதன் பின்னால் உயர் உள்ளீட்டுத் தடை கொண்ட ஒரு டிரான்சிஸ்டர் பஃபர், கேபிள் வழியாகவே மின்சாரம். 10 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். இவ்வளவு சின்னது இவ்வளவு கேட்கிறதா என்று வியப்பாக இருக்கும். இதைப் பற்றி ஒரு விஷயத்தை மட்டும் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்: தகடு பாதி ஆன்டெனாதான். மறுபாதி அதன் எர்த், அதாவது கேபிளின் வெளிக்கவசமும் கம்பமும். கேபிளின் மறுமுனை உங்கள் கணினியோடும் அதன் சார்ஜரோடும் இணைந்திருந்தால், சார்ஜரின் இரைச்சல் கவசத்தின் வழியே ஏறிப் போய் ஆன்டெனாவின் கீழ்ப்பாதியாக நிற்கும். 'மினி-விப் இரைச்சல்தான் கேட்கிறது' என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு நடந்தது இதுதான், தகட்டில் குறையில்லை. கம்பத்தின் அடியில் தனி எர்த் கம்பி அடித்து, கவசத்தை அங்கே இணைத்து, அங்கிருந்து வீடு நோக்கி வரும் கேபிளை ஃபெரைட் வளையத்தில் பல சுற்றுச் சுற்ற வேண்டும். ரிசீவர் அருகே பிரிப்பு மின்மாற்றி ஒன்றும் வேண்டும். மின்சாரம் கொடுக்க பேட்டரி அல்லது பழைய வகை லீனியர் சப்ளை. சுவிட்சிங் அடாப்டர் கூடாது. உயரம் கூடினால் சிக்னலும் கூடும். ஆனால் கூரையின் மேல் 5 மீட்டர் உயர்த்துவதைவிட, வீட்டிலிருந்து 20 மீட்டர் தள்ளி வைப்பதில் கிடைப்பது அதிகம்.

லூப் காந்தப்புலத்தைக் கேட்கிறது. வீட்டுக் கம்பிகளின் அண்மைப்புல இரைச்சலில் மின்புலப் பங்குதான் பெரும்பாலும் மிகுதி என்பதால், வீட்டுக்கு அருகே வைத்தாலும் லூப் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இரண்டாவது பலம் அதன் திசை. வளையத்தின் தளம் நீளும் திசையில் நன்றாகக் கேட்கும். தளத்துக்குச் செங்குத்தான திசையில் ஆழமான பள்ளம், அதாவது ஏறக்குறைய எதுவும் கேட்காது. தொல்லை தரும் மூலம் ஒரே திசையில் இருந்தால், அந்தப் பள்ளத்தை அதை நோக்கித் திருப்பி அழித்துவிடலாம். கையால் மெல்லத் திருப்ப, வாட்டர்ஃபாலில் (சிக்னல்களை நேரப்படி கோடுகளாக வரைந்து காட்டும் கணினித் திரையில்) இரைச்சலின் கோடுகள் மங்கிப் போய், அடியில் இருந்த சிக்னல் மேலே எழும். தாழ் அதிர்வெண் கேட்பதில் எனக்குப் பிடித்த வேலை இதுதான். இரைச்சல் பல திசைகளிலிருந்து கம்பி வழியே பரவி வந்தால் பள்ளம் அவ்வளவு கூர்மையாக அமையாது என்பதும் உண்மை.

லூப்பிலும் இரண்டு வகை. பெருக்கியுடன் வரும் அகலப்பட்டை லூப் வாங்கினால் மாட்டியதும் எல்லாப் பட்டையும் கேட்கும், விலை கூடுதல். ஒத்திசைவு லூப்பைக் கையாலேயே செய்துகொள்ளலாம். 1 மீட்டர் பக்கமுள்ள மரச் சட்டத்தில் 8 சுற்றுக் கம்பி சுற்றினால் ஏறக்குறைய 200 மைக்ரோஹென்றி. 475 கிலோஹெர்ட்ஸில் ஒத்திசைக்க 560 பிகோஃபாரட் போதும். பழைய மத்திய அலை ரேடியோவின் இரட்டை வேரியபிள் கெபாசிட்டரில் இரு பகுதிகளையும் இணையாகச் சேர்த்தால் இந்த அளவு வந்துவிடும். தனியாக ஒரே ஒரு சுற்றுப் போட்டு அதிலிருந்து ரிசீவருக்குக் கேபிள் எடுங்கள். இதே சட்டத்தை 136-க்கு இறக்க வேண்டுமானால் 7000 பிகோஃபாரட் அருகே தேவைப்படும். நிலையான கெபாசிட்டர்களைச் சேர்க்க வேண்டும், அல்லது சுற்றுகளைக் கூட்ட வேண்டும். ஒத்திசைவு கூர்மையாக இருப்பதால் பட்டைக்குள் நகரும்போதே திருத்திக்கொண்டிருக்க நேரும். அதே கூர்மைதான் பக்கத்து மத்திய அலை நிலையங்களிலிருந்து ரிசீவரைக் காப்பாற்றவும் செய்கிறது.

அடுக்கு மாடியில், பால்கனி மட்டுமே உள்ளவருக்கு லூப். அதில் சந்தேகமே இல்லை. வீட்டிலிருந்து தள்ளி இடம் உள்ளவர் மினி-விப்பையோ லூப்பையோ எடுக்கலாம். எல்லாத் திசையும் ஒரே நேரத்தில் வேண்டுமென்றால் மினி-விப். என் ஓட்டு, கையால் செய்த ஒத்திசைவு லூப்புக்கு. மற்ற இரண்டும் இரைச்சலைத் தரும்போது நாம் செய்யக்கூடியது குறைவு; லூப்பைத் திருப்பவாவது முடியும்.

ரிசீவர்

இப்போதுதான் அந்த முதல் கேள்விக்கு வருகிறோம்.

ஒன்றும் வாங்காமல் தொடங்க முடியும். இணையம் வழியே கேட்கும் ரிசீவர்கள் உலகெங்கும் உண்டு. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இருப்பது மினி-விப் ஆன்டெனாவோடு இயங்குகிறது. 10 கிலோஹெர்ட்ஸ் முதல் கேட்கும் கிவி எஸ்.டி.ஆர். கருவிகள் (எஸ்.டி.ஆர். என்பது மென்பொருளால் இயங்கும் ரிசீவர்) பல நாடுகளில் திறந்து கிடக்கின்றன. திசைகாட்டியின் மோர்ஸ் எப்படி ஒலிக்கும், 475.7 அருகே வாட்டர்ஃபாலில் ஹாம் சிக்னல் எப்படித் தெரியும் என்று அங்கே கண்ணும் காதும் பழக்குங்கள். பின்னாலும் இது உதவும்: அருகில் உள்ள தொலை ரிசீவரில் கேட்பது உங்களிடம் கேட்கவில்லை என்றால், பிரச்சினை அலைப்பரவலில் இல்லை, உங்கள் இடத்தில்.

கையில் ஹாம் டிரான்ஸ்சீவர் இருந்தால் அடுத்தபடி அதுதான். பல மாடல்கள் 30 கிலோஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று எழுதியிருக்கும். ஆனால் 1.6 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே பலவற்றில் வேண்டுமென்றே உணர்திறனைக் குறைத்திருப்பார்கள். உள்ளூர் மத்திய அலை நிலையங்கள் திணறடிக்காமல் இருக்கத்தான் அது. லூப்போ மினி-விப்போ பெருக்கியோடு இருந்தால் இந்தக் குறை ஈடாகிவிடும். வேறு ரிசீவர் வாங்கும் முன் இதை முயன்றே தீர வேண்டும்.

கணினியில் செருகும் மலிவான எஸ்.டி.ஆர். டாங்கிள் பலரையும் இழுக்கிறது. சிக்னலை எண்களாக்க அதில் இருப்பது 8 பிட் மாற்றி, அதாவது 256 படிகள். பக்கத்தில் பலமான மத்திய அலை நிலையம் ஒன்று இருந்தால் அந்தப் படிகள் முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும். பலவீனமான ஹாம் சிக்னலுக்கு மிச்சம் இராது. தாழ் அதிர்வெண்களை மட்டும் உள்ளே விடும் தாழ்கடப்பு வடிகட்டி போட்டால் உதவும். 136-க்கு அந்த வடிகட்டி செய்வது சுலபம். 479-க்கு மேல் 530-லேயே ஒலிபரப்பு தொடங்கிவிடுவதால் 630 மீட்டருக்குச் சரிவு மிகச் செங்குத்தாக இருக்க வேண்டும். ஒத்திசைவு லூப் இங்கேயும் கைகொடுக்கிறது.

டாங்கிளோடு மேல்மாற்றி (அதிர்வெண்ணை உயர்த்திக் கொடுக்கும் கருவி) சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று. 136 கிலோஹெர்ட்ஸை நேராகக் கேட்கும் ரிசீவரின் கடிகாரம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் அதிர்வெண் பிழை 0.14 ஹெர்ட்ஸ், கவலையே வேண்டாம். அதே சிக்னலை 125 மெகாஹெர்ட்ஸ் மேல்மாற்றி தூக்கி வைத்தால் அதே பிசகு 125 ஹெர்ட்ஸ் ஆகிறது. வெப்பம் ஏற இறங்க அது நகரவும் செய்யும். காதால் கேட்க இது பொருட்டில்லை. மெதுவான டிஜிட்டல் முறைகளுக்கு இது ஆகவே ஆகாது.

அதனால் புதிதாக வாங்குவதென்றே முடிவு செய்தால், சில கிலோஹெர்ட்ஸ் வரை தானே இறங்கும், 14 பிட் அல்லது அதற்கு மேல் உள்ள எஸ்.டி.ஆர். நல்லது. எஸ்.டி.ஆர்.பிளே நிறுவனத்தின் கருவிகள், ஏர்ஸ்பை எச்.எஃப். பிளஸ் டிஸ்கவரி, சொந்தமாக வைத்துக்கொள்ளும் கிவி ஆகியவை இந்த வகை. இவற்றுக்குள் எது மேல் என்று அதிக நேரம் ஆராய வேண்டியதில்லை. உங்கள் இடத்து இரைச்சலுக்கு முன்னால் அந்த வேறுபாடு தெரியாது.

சவுண்ட் கார்டும் ஒரு ரிசீவர்தான். விநாடிக்கு 192 ஆயிரம் மாதிரி எடுக்கும் கார்டு 96 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். லூப்பை ஒரு சின்னப் பெருக்கி வழியே அதில் செருகினால் நேரக்குறி நிலையங்கள் வரும். ஸ்வீடனின் கிரிமெட்டனில் 1924 முதல் நிற்கும் சுழல் இயந்திர ஒலிபரப்பி 17.2 கிலோஹெர்ட்ஸில் ஆண்டுக்குச் சில நாட்கள் உயிர்பெறும்போது அதையும் பிடிக்கலாம். ஹாம் பட்டைகள் மட்டும் அந்த எல்லைக்கு வெளியே.

காதாலா, கணினியாலா?

இந்தப் பட்டைகளில் பேச்சு மிக அரிது. 630 மீட்டரில் மோர்ஸ் சில இரவுகளில் காதுக்கே கேட்கும். பெரும்பாலான நடமாட்டம் டபிள்யூ.எஸ்.பி.ஆர். என்ற மெதுவான டிஜிட்டல் முறையில். 1993-ல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லர் 2008-ல் வெளியிட்ட முறை அது. அழைப்புக் குறி, இருப்பிடக் கட்டம், திறன் ஆகிய மூன்றையும் 6 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் ஏறக்குறைய 111 விநாடி எடுத்து அனுப்பும். 2500 ஹெர்ட்ஸ் அகலத்தில் அளந்தால் இரைச்சலுக்கு 30 டெசிபெல் கீழே இருக்கும் சிக்னலையும் மீட்டெடுக்கும். ரிசீவரை அப்பர் சைடுபேண்டில் (டயல் காட்டும் அதிர்வெண்ணுக்குச் சற்று மேலே உள்ளதைக் கேட்கும் முறையில்) 474.2-க்கோ 136.0-க்கோ வைத்து, கணினிக் கடிகாரத்தை ஒரு விநாடிக்குள் சரிசெய்து, டபிள்யூ.எஸ்.ஜே.டி.-எக்ஸ் மென்பொருளை இரவு முழுக்க ஓட விட்டால் போதும்.

2021-ல் அதே மென்பொருளில் எஃப்.எஸ்.டி.4.டபிள்யூ. என்ற குடும்பம் சேர்ந்தது. 120, 300, 900, 1800 விநாடி என நான்கு நீளம். 1800 விநாடி வகை ஒரு ஹெர்ட்ஸில் பாதிக்கும் குறைந்த அகலத்தில் அடங்கும். அங்கேதான் மேல்மாற்றியின் நகர்வு காலை வாரும். மூன்றாவது வழி க்யூ.ஆர்.எஸ்.எஸ்.: ஒரு புள்ளிக்கே 3 விநாடி முதல் 60 விநாடி வரை எடுக்கும் மெதுவான மோர்ஸ். ஸ்பெக்ட்ரம் லேப் போன்ற மென்பொருளின் திரையில் அதைக் கண்ணால் படிக்க வேண்டும். கணினி சொல்லும் விடையைவிட, கோடு கோடாக ஓர் அழைப்புக் குறி தானே எழுதப்படுவதைப் பார்ப்பதில் எனக்கு நிறைவு அதிகம். ஆனால் அனுப்புபவர்கள் குறைவு. டபிள்யூ.எஸ்.பி.ஆரில் தொடங்கி, 136-க்கு இறங்கும்போது மற்ற இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலம் பார்த்துத் தொடங்குவதும் ஒரு தேர்வுதான். இடிமழைக் காலத்தில் மின்னல் இரைச்சல் எல்லாவற்றையும் மூடும்; குளிர்காலத்தின் நீண்ட இரவுகளில் பட்டை அமைதியாக இருக்கும். இடிமழைப் பருவத்தில் முதல் முயற்சி செய்து ஒன்றும் வரவில்லை என்று லூப்பைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். அந்த மாதங்களில் வீட்டு இரைச்சலை வேட்டையாடி, ஃபெரைட் வளையங்களைச் சுற்றி, நேரக்குறிகளையும் திசைகாட்டிகளையும் பட்டியலிட்டு வையுங்கள். குளிர் வந்ததும் 474.2-ல் இரவு முழுக்க ஓட விடுங்கள். பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நிலையங்கள் வழக்கமாக வரத் தொடங்கிய பின் லூப்பில் கெபாசிட்டரைக் கூட்டி 136-க்கு இறங்கலாம். ரிசீவரை மாற்றுவது பற்றி யோசிக்க அதுவே சரியான நேரம்: ஆன்டெனாவைக் கழற்றினால் வாட்டர்ஃபாலின் இரைச்சல் மட்டம் தெளிவாகக் கீழே இறங்குகிறது என்றால், உங்கள் ரிசீவரின் உணர்திறன் போதும், மாற்ற வேண்டியதில்லை.